ஒரு ரூபாய் அகலம்

தேக்கு மூடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு
நான் துளை போட்ட அன்று
கலியபெருமாள் முசே என்னோடு பேசவில்லை.
மறுநாளும் பேசவில்லை.
மூன்றாம் நாள் கேட்டார்:
"எலி போறதுக்கா, ரொசாரி?"
குழல் போறதுக்கு என்றேன்.
தக்கை வைத்து அடைத்து, அதன் தலையில்
சிவப்பு நகப்பூச்சு தடவினேன்,
புகையிலும் கண்ணில் பட.

பென்ஷனை யூரோவில் வாங்குகிற மனிதர்.
மார்கழியில் வருவார், மாசியில் போவார்.
மற்ற மாதமெல்லாம் அரசலாற்றில்
அந்த வெள்ளைப் படகுக்கு நான்தான் ஆள்:
நங்கூரம், பம்பு, பாட்டரி, பாசி.
மாதம் ஒருமுறை தீயணைப்பு சிலிண்டரைத்
தலைகீழாகப் பிடித்து உலுக்குவேன்.
அடியில் பவுடர் கட்டிதட்டிவிடும்,
உப்புக்காற்று எதையும் சும்மா விடாது.
கிளப்புமுன் ஐந்து நிமிடம் விசிறி ஓடவேண்டும்.
அடித்தட்டில் குனிந்து மோந்து பார்ப்பேன்.
பிறகு எண்ணெய்த் துணிகளை எண்ணுவேன்,
ஐந்து உள்ளே போனால் ஐந்து வெளியே.
"சலவைக்குப் போடப் போறியா?" என்று சிரிப்பார்.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை,
மகளுக்கு நிச்சயம் முடிந்த கையோடு
பதினோரு பேர், இரண்டடுக்குக் கேக்.
முகத்துவாரம் தாண்டவில்லை,
கலங்கரை விளக்கம் இன்னும் இடப்பக்கம்.
என் உள்ளங்கால்தான் முதலில் சொன்னது
பலகை சுடுகிறதென்று.
அப்புறம் ரப்பர் கருகும் நாற்றம்.
அப்புறம் மூடியின் விளிம்பில்
நூல் நூலாகப் புகை.

எஞ்சினை நிறுத்தினேன். டீசல் வால்வைத் திருகினேன்.
நங்கூரம் பிடித்ததும் படகு தானே
காற்றைப் பார்த்துத் திரும்பியது;
புகை பின்னால், ஆட்கள் முன்னால்.
மாப்பிள்ளையின் அத்தை
பட்டுப்புடவை மேல் மிதவைச் சட்டை போடமாட்டேன் என்றாள்.
போட்டுவிட்டேன்.
யாரோ வாளியோடு ஓடிவந்தார்.
சுற்றிலும் தண்ணீர், ஒரு சொம்பு உதவாது,
எண்ணெய் அதன்மேல் ஏறி மிதந்துகொண்டே எரியும்.

முசே மூடியின் வளையத்தைப் பிடித்தார்.
"திற. உள்ள என்னன்னு பாக்கணும்."
நான் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன்.
"திறடி!"

எங்கள் பக்கம் நிறையப் புழங்கிய சொல்.
மேட்டூரைத் திற, கல்லணையைத் திற,
மதகைத் திற, ஷட்டரைத் திற.
கடைமடைக்காரன் ஆயுசில் பாதி
இதையே மனுவாக எழுதிக் கழியும்.
திறந்தால் நாற்று, இல்லையென்றால் வெடிப்பு.
இங்கே திறந்தால் காற்று.
அதற்காகத்தான் கீழே அது
வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

தக்கையைப் பிடுங்கினேன். குழலைச் செருகினேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிற ஊர்.
நான் அளக்கவில்லை.
சிலிண்டர் இருமி ஓயும்வரை விட்டேன்,
திரும்பத் தக்கையை அடித்தேன்,
திரும்ப உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிடம்.
தொடையின் பின்பக்கம் இரண்டு கொப்புளம்.
முன்னால் பிள்ளைகள் கேக்கை வெட்டாமலே
கையால் பிய்த்துத் தின்றார்கள்.
முசே ஐந்து நிமிடத்துக்கொரு தரம் வந்தார்,
ஒவ்வொரு தரமும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.
கடைசியாக,
"திறக்கலாமா, ரொசாரி?"
பலகையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.

வயரிங்தான் என்று அவரே தீர்த்துவிட்டார்.
மர்சேயில் வாங்கும்போதே சந்தேகமாம்.
இப்போது விருந்தாளிகள் வந்தால்
முதலில் அந்தத் துளையைத்தான் காட்டுகிறார்,
தன் யோசனை மாதிரி.

அன்று நான் துணி எண்ணிக்கொண்டிருக்கையில்
கேக்கை ஏற்றக் கூப்பிட்டார்கள்.
நாலு வரை வந்திருந்தேன்.
புகைக்குழாய் மேல் ஒட்டிக் கருகிக் கிடந்தது
என் பழைய சுடிதாரின் மஞ்சள் ஓரம்,
விரல் நீளம்.
அதைச் சுரண்டி எடுத்துக்
கைக்குள் மூடிக்கொண்டேன்.